சகோதரச் சங்கத்தில் சேரலாமா? உள்ளே இருப்பவர்களும் விட்டு வந்தவர்களும் சொல்லுங்கள்

#1 யோசிக்கிறவன்

வணக்கம். என்னோடு வேலை பார்க்கும் மூத்தவர் ஒருவர் இருபது வருடமாக ஃப்ரீமேசன், அதாவது சடங்கும் ரகசியமும் உள்ள பழைய சகோதரச் சங்கம் ஒன்றின் உறுப்பினர். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட "நீயும் சேர்" என்று அவர் சொன்னதில்லை. போன மாதம் நானாகத்தான் கேட்டேன். ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து, "அவசரமே இல்லை, ஆறு மாதம் வைத்து யோசி" என்றார். படிவம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

கேட்டதற்குக் காரணம் உண்டு. அவர் மனைவி மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். பதினோரு ராத்திரியும் யாராவது ஒருவர் வந்து துணைக்கு உட்கார்ந்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் இல்லை, எல்லாம் லாட்ஜ் ஆட்கள் (அவர்கள் சங்கத்தின் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர்). எனக்கு நாற்பது நெருங்குகிறது. கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தோடு நின்றுவிட்டார்கள். எனக்கு ஒன்று என்றால் ராத்திரி யார் வந்து உட்காருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன், ஒரு கை விரலே மிச்சம் இருந்தது.

ஆனால் தயக்கமும் இருக்கிறது. ஏப்ரன் கட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார்களாமே, சிரிப்பு வராதா? ரகசியம் எதற்கு? சந்தாவுக்கும் மாலை நேரத்துக்கும் ஈடாக உண்மையில் என்னதான் கிடைக்கிறது? ரோட்டரி, லயன்ஸ் பற்றி நான் கேட்கவில்லை. சடங்கு, உறுதிமொழி, படிநிலை என்று இருக்கும் பழைய மாதிரி சங்கங்களைப் பற்றித்தான் கேட்கிறேன்.

#2 நடுநிசி_நண்பன்

முதலில் வீட்டில் "லாட்ஜுக்குப் போய்விட்டு வருகிறேன், ராத்திரி லேட்டாகும்" என்று சொல்லிப் பாருங்கள். சேர்வதா வேண்டாமா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

#3 பழைய_கொத்தனார்

தம்பி, 26 வருடமாக உள்ளே இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேறு லாட்ஜில் வேறு மாதிரி இருக்கலாம்.

உங்கள் மூத்தவர் உங்களைக் கூப்பிடாததே அவர் முறையானவர் என்பதற்கு அத்தாட்சி. நண்பர்களின் வற்புறுத்தலால் வரவில்லை, பண ஆதாயம் தேடி வரவில்லை, சொந்த விருப்பத்தில்தான் வந்திருக்கிறேன் என்று சேருகிற அன்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். வலிந்து இழுத்து வந்தவனால் அதை எப்படிச் சொல்ல முடியும்?

சடங்குக்கு வருகிறேன். மேசன் என்றால் கொத்தனார். மூலைமட்டம், தூக்குக்குண்டு, மட்டப்பலகை, கரண்டி எல்லாம் அங்கே உண்டு, ஆனால் அவற்றை வைத்துச் சுவர் எழுப்புவதில்லை. மூலைமட்டம் நடத்தை கோணாமல் இருக்க. மட்டப்பலகை, உள்ளே வந்த பிறகு பெரியவன் சின்னவன் இல்லை என்பதற்கு. 24 அங்குல அளவுகோல் ஒன்று உண்டு. அது ஒரு நாளின் 24 மணி நேரம். பிரார்த்தனைக்கு, உழைப்புக்கு, ஓய்வுக்கு, கஷ்டத்தில் இருக்கும் சகோதரனுக்கு உதவ என்று அதைப் பங்கு போடச் சொல்வார்கள். இதைப் படிக்கும்போது பள்ளிக்கூட நன்னெறி வகுப்பு போலத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் சட்டைப் பையில் ஒரு காசுகூட இல்லாமல், மோதிரம் கடிகாரம் எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு, கண் கட்டப்பட்டு நிற்கும்போது முன்பின் தெரியாத குரல் ஒன்று அதை உங்களுக்கு மட்டும் சொல்லும்போது வேறு மாதிரி இறங்கும். காசை ஏன் வாங்கி வைக்கிறார்கள் என்பதை நான் சொல்ல மாட்டேன். அந்த ஐந்து நிமிடத்தை உங்களிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை.

சிரிப்பு வருமா என்றால், வரும். முதல் முறை எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். பத்தாவது முறை வேறொரு புதியவனுக்கு அதையே நான் சொல்லும்போது என் குரல் நடுங்கியது.

அப்புறம் மனப்பாடம். நான் நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் வியர்த்துப் போகிற ஆள். லாட்ஜில் பதவி வருடத்துக்கு வருடம் நகரும். வாசலுக்கு உள்ளே நிற்பவன், டீக்கன், வார்டன், கடைசியில் மாஸ்டர். ஒவ்வொரு படியிலும் பேச வேண்டிய பகுதி நீளும். ஏழு வருடத்தில் என் வாய் திறந்துவிட்டது. அதைவிடப் பெரிய பாடம், மாஸ்டர் வருடம் முடிந்த பிறகு வந்தது. எங்கள் லாட்ஜில், போன வருடம் நடு நாற்காலியில் உட்கார்ந்தவன் இந்த வருடம் வெளி வாசலில் காவல் நிற்பான். டைலர் என்று பெயர். கதவு சாத்திக்கொள்ளும், உள்ளே எல்லாரும் இருப்பார்கள், நீங்கள் மட்டும் வெளியே. அந்த வாசலில் நின்றுதான் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச கர்வமும் கரைந்தது.

உள்ளே மதமும் கட்சி அரசியலும் பேசக்கூடாது. 1723இல் ஆண்டர்சன் தொகுத்து அச்சான விதித் தொகுப்பிலேயே இருக்கிற கட்டளை இது. என் பக்கத்து நாற்காலிக்காரர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்று ஒன்பது வருடம் எனக்குத் தெரியாது. தெரிந்தபோது, ஐயோ, இவரா என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் அவரைப் பிடித்துப் போயிருந்தது, என்ன செய்ய?

என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். வேலை கிடைக்கும். நாற்காலி அடுக்கும் வேலை, கணக்கு எழுதும் வேலை, உடம்பு சரியில்லாதவரைப் போய்ப் பார்க்கும் வேலை. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. "நீங்கள் வரவில்லையே, என்ன ஆச்சு?" என்று நம்மை எதிர்பார்க்கிற ஒரு இடம் இருப்பது எனக்குப் பெரிதாக இருந்தது. ஒரு கூட்டத்துக்குப் போகாவிட்டால் மறுநாள் போன் வரும்.

#4 யோசிக்கிறவன்

மிக்க நன்றி ஐயா. காசு விஷயம் மண்டையைக் குடைகிறது, ஆனால் கேட்க மாட்டேன். சேர மத நம்பிக்கை கட்டாயமா?

#5 பழைய_கொத்தனார்

இங்கிலாந்து மரபில் வரும் லாட்ஜ்களில் பரம்பொருள் ஒன்று உண்டு என்று நம்ப வேண்டும். எந்த மதம், என்ன பெயர் என்று கேட்க மாட்டார்கள். 1877இல் பிரான்ஸின் கிராண்ட் ஓரியண்ட் என்ற தலைமை அமைப்பு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. அதிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நாத்திகராக இருந்தால் அந்தப் பக்கம் போகலாம். பொய் சொல்லி இந்தப் பக்கம் வர வேண்டாம்.

#6 கணக்குப்பிள்ளை

நான் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை. காப்பீட்டுத் துறையில் இருக்கிறேன். எங்கள் தொழிலின் தாத்தா யார் என்று தேடப் போய் இவர்களிடம் வந்து சேர்ந்தவன். இந்தச் சங்கங்கள் எதற்காக முளைத்தன என்று தெரியாமல் இன்றைக்கு என்ன பயன் என்று பேசுவது பாதிக் கதை.

அரசு உதவி எதுவும் இல்லாத காலம். கூலித் தொழிலாளி மூன்று வாரம் படுத்தால் குடும்பம் பட்டினி. செத்தால் புதைக்கக் காசு இல்லை. இங்கிலாந்தில் தொழிலாளர்கள் மதுக்கடை மாடியில் வாரம் அல்லது மாதம் கூடி ஆளுக்கு சில பென்ஸ் ஒரு பெட்டியில் போட்டார்கள். பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று வேறு ஆட்களிடம். மூன்று பேரும் வந்தால்தான் திறக்கும். சகோதரத்துவம் வேறு, சாவி வேறு என்ற தெளிவு அன்றைக்கே இருந்திருக்கிறது. 1793இல் இவற்றைப் பதிவு செய்ய அங்கே சட்டமே வந்தது.

ஆட் ஃபெல்லோஸ் என்ற சங்கத்தின் அமெரிக்கக் கிளையை தாமஸ் வில்டி என்பவர் 1819 ஏப்ரல் 26 அன்று பால்டிமோரில் இன்னும் நாலு பேருடன் ஆரம்பித்தார். நோயாளியைப் பார், துன்பப்பட்டவனுக்கு உதவு, இறந்தவனை அடக்கம் செய், அநாதையைப் படிக்க வை என்பது அவர்கள் கட்டளை. நாலும் செலவு பிடிக்கிற வேலை என்பதைக் கவனியுங்கள். நோயாளியைப் பார்க்க என்றே முறை வைத்து ஆள் போவார். அவர் போனது ஆறுதல் சொல்ல மட்டும் இல்லை. நோய் உண்மையா, ஆள் நோய்ப்படி வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் வேலைக்குப் போகிறானா என்று பார்க்கவும்தான். ஆறுதலும் தணிக்கையும் ஒரே ஆள்!

ரகசியக் குறிச்சொல்லும் கைகுலுக்கலும் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கும் இதில் பதில் இருக்கிறது. வேலை தேடி ஊர் ஊராக நடக்கும் தொழிலாளி அடுத்த ஊர் லாட்ஜில் போய் நின்றால் படுக்க இடமும் வழிச்செலவும் கொடுப்பார்கள். புகைப்பட அடையாள அட்டை இல்லாத காலத்தில் அவன் சந்தா கட்டிய உறுப்பினன்தான் என்று எப்படித் தெரியும்? ஏடிஎம் பின் நம்பர் மாதிரிதான் அது. அதை வெளியே சொன்னால் எல்லாருடைய பெட்டியும் காலியாகும்.

அடுத்தது என் துறைக்காரர்கள் மட்டும் ரசிக்கிற பகுதி, பொறுத்துக்கொள்ளுங்கள். பல சங்கங்கள் நல்ல மனம் இருந்தும் திவாலாயின. இருபது வயதுக்காரனிடமும் ஐம்பது வயதுக்காரனிடமும் ஒரே சந்தா வாங்கினார்கள். எல்லாரும் சேர்ந்து கிழவர்களானபோது பெட்டி தாங்கவில்லை. மான்செஸ்டர் யூனிட்டி ஆட் ஃபெல்லோஸின் செயலாளர் ஹென்றி ராட்கிளிஃப் தன் உறுப்பினர்களின் பதிவேடுகளை வைத்தே எந்த வயதில் எத்தனை நாள் நோய் வரும் என்று கணக்குப் போட்டு 1850இல் அட்டவணை வெளியிட்டார். ஒரு சகோதரச் சங்கத்தின் செயலாளர் செய்த அந்த வேலைக்காக என் தொழில் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அவர் பாடத்தைக் கேட்காதவர்களும் இருந்தார்கள். 1868இல் அமெரிக்காவில் ஜான் அப்சர்ச் என்ற ரயில்வே தொழிலாளி தொடங்கிய சங்கத்தில், ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு 1 டாலர் போடுவது என்று திட்டம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! வருடம் போகப் போக சாவு கூடியது, டாலரும் கூடியது, இளைஞர்கள் கழன்றுகொண்டார்கள்.

1911இல் பிரிட்டன் தேசியக் காப்பீட்டுச் சட்டம் கொண்டு வந்தது. மற்ற இடங்களிலும் மெல்ல அரசும் கம்பெனிகளும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. பெட்டியின் தேவை போன பிறகு என்ன மிஞ்சியது என்பதுதான் என் கேள்வி. வயிற்றுக்காகக் கட்டிய உறவு வயிறு நிறைந்த பிறகும் நிற்குமா? அமெரிக்காவில் ஃப்ரீமேசன்கள் 1959இல் 40 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். இப்போது 10 லட்சத்துக்கும் கீழே.

#7 விட்டு_வந்தவன்

ராத்திரி வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்து மயங்குவதற்கு முன் என் கதையையும் கேளுங்கள். எந்தச் சங்கம், எங்கே என்பதெல்லாம் வேண்டாம்.

விண்ணப்பம் கொடுத்த மூன்றாவது வாரமே என்னைச் சேர்த்துவிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆள் குறைந்து போய் லாட்ஜை மூடும் நிலையில் இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்று டிகிரியும், அதாவது மூன்று படிநிலையும், நாலே மாதத்தில் முடிந்தன. யாரும் ஒன்றும் விளக்கவில்லை. கூட்டம் என்றால் போன கூட்டத்தின் குறிப்பு வாசிப்பது, கட்டணம் பற்றிய சண்டை, அப்புறம் சாப்பாடு. இரண்டு வருடத்தில் நான் ஒரு நோயாளியையும் பார்க்கப் போனதில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூத்த உறுப்பினர் ஒருவர் முதலீட்டுத் திட்டம் ஒன்று சொன்னார். வெளியே யாராவது சொல்லியிருந்தால் பத்திரம் எங்கே, பதிவு எங்கே என்று கேட்டிருப்பேன். இவர் சகோதரர், ஒரே உறுதிமொழி எடுத்தவர், அவரிடம் போய் எப்படிக் கேட்பது? நான் உட்பட ஆறு பேர் போட்டோம். போனது போனதுதான். லாட்ஜில் எழுந்து பேசினால், "சகோதரனைப் பற்றி இப்படிப் பேசலாமா, வீட்டு விஷயத்தை வெளியே கொண்டு போகலாமா" என்றார்கள். எந்த நம்பிக்கை மருத்துவமனை வாசலில் ராத்திரி உட்கார வைக்கிறதோ, அதே நம்பிக்கைதான் என் சேமிப்பையும் வாரிக்கொண்டு போனது. கணக்குப்பிள்ளை சொன்ன மூன்று சாவியை நினைத்தால் வயிறு எரிகிறது.

#8 உண்மை_விளம்பி

இதெல்லாம் மேல்பூச்சு. 33ஆம் டிகிரிக்குப் போனால்தான் நிஜம் தெரியும். இலுமினாட்டி, சாத்தான் வழிபாடு, உலக வங்கிகள் எல்லாம் ஒரே கூட்டம். ஆதாரம் வேண்டுமானால் யூடியூபில் தேடுங்கள்.

#9 கணக்குப்பிள்ளை

நண்பரே, இலுமினாட்டி என்ற ரகசியச் சங்கத்தை 1776 மே 1 அன்று பவேரியாவில் சட்டப் பேராசிரியர் ஆடம் வைஸ்ஹாப்ட் தொடங்கினார். 1784, 1785 இரண்டு வருடமும் அரசாணை போட்டுத் தடை செய்தார்கள், கதை முடிந்தது. பத்து வருடம்கூட ஓடாத கடை அது.

சாத்தான் கதையை எழுதிப் பரப்பியவர் பிரான்ஸின் லியோ தாக்சில். பன்னிரண்டு வருடம் புத்தகம் புத்தகமாக விற்றார். 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் ஒரு கூட்டத்தைக் கூட்டி, எல்லாம் நானே கட்டிவிட்டது என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவரே மறுத்த பிறகும் 125 வருடத்துக்கு மேலாக அது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் பயமே இல்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். 1826இல் அமெரிக்காவில் ரகசியங்களை அச்சிடப் போகிறேன் என்ற வில்லியம் மார்கன் காணாமல் போனார். கடத்தியவர்களுக்குக் கிடைத்த தண்டனையோ சொற்பம். அந்தக் கோபத்தில் மேசன்களுக்கு எதிராக ஒரு கட்சியே உருவானது. இத்தாலியில் பி2 என்ற லாட்ஜின் உறுப்பினர் பட்டியல் 1981இல் வெளியானபோது அமைச்சர், ராணுவ அதிகாரி, பத்திரிகையாளர் என்று 900க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அரசே கவிழ்ந்தது. தாய் அமைப்பு 1976இலேயே அதன் அங்கீகாரத்தை எடுத்திருந்தும், அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கதவு சாத்தியிருக்கும் அறைக்குள் யார் வேண்டுமானாலும் எதையும் செய்யலாம் என்பது நியாயமான கவலை. அதற்குச் சாத்தான் தேவையில்லை.

#10 பழைய_கொத்தனார்

விட்டு_வந்தவன், உங்களுக்கு நடந்தது அநியாயம். எங்கேயோ யாரோ தவறு செய்தார்கள் என்று நழுவ மாட்டேன், ஏனென்றால் எங்கள் பக்கமும் ஒருவர் அப்படி முயன்றார். எங்கள் செயலாளர் கறாரான மனிதர், நாற்காலியிலிருந்து எழுந்து, "இங்கே யாரும் யாருக்கும் எதுவும் விற்கக் கூடாது, விற்றால் புகார் நானே எழுதுவேன்" என்றார். அதோடு நின்றது. அந்த ஒரு மனிதர் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால்? எனக்குத் தெரியவில்லை. உறுதிமொழியில் சட்டத்துக்கு மேலாக எதுவும் இல்லை, குற்றத்தை மூடி மறைக்கச் சொல்லும் கடமையும் இல்லை. உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் தங்கள் உறுதிமொழியையே சரியாகப் படிக்கவில்லை.

தம்பி யோசிக்கிறவன், படிவத்தை நிரப்பும் முன் போய்க் கேளுங்கள். போன வருடம் எத்தனை பேரைப் போய்ப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நோயாளிகளையும் விதவைகளையும் கவனிக்க ஆல்மனர் என்று ஓர் அலுவலர் உண்டு. அவரிடம் பேசுங்கள், அவர் விழித்தால் நீங்கள் திரும்பி வரலாம். தணிக்கை செய்த கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். யார் விட்டுப் போனார்கள், ஏன் என்று கேளுங்கள், பதில் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். உறுப்பினர் அல்லாதவர்களைக் கூப்பிடும் விருந்துகளுக்கு மூன்று நாலு தடவை போங்கள். மூன்று வாரத்தில் சேர்க்கிற இடம் வேண்டாம். எங்கள் பக்கம் விசாரணைக் குழு வீட்டுக்கே வரும். அப்புறம் ரகசிய வாக்கெடுப்பு, வெள்ளைக் குண்டும் கருப்புக் குண்டும் வைத்து. அவ்வளவு தாமதமும் ஒரு காரணத்துக்காகத்தான்.

இன்னொன்று. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் "சேர்ந்தால் கோடீஸ்வரன், நுழைவுக் கட்டணம் அனுப்பு" என்று வருபவர்கள் முழு மோசடி. எந்த லாட்ஜும் அப்படி ஆள் பிடிக்காது. சந்தேகம் இருந்தால் லாட்ஜ்களுக்குத் தலைமை அமைப்பான கிராண்ட் லாட்ஜிடம் நேரடியாக எழுதிக் கேட்கலாம்.

#11 மூன்றாவது_தூண்

நானும் மேசன்தான். பெண். ஆச்சரியப்பட்டால் பரவாயில்லை, பழகிவிட்டது.

1882இல் மரியா தெரேம் என்ற எழுத்தாளரை பிரான்ஸில் ஒரு லாட்ஜ் துணிந்து சேர்த்தது. அந்த லாட்ஜுக்குப் பெரிய சிக்கல். 1893இல் அவரும் ஜார்ஜ் மார்த்தன் என்ற மருத்துவரும் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் அமைப்பைத் தொடங்கினார்கள். நான் இருப்பது அந்த வழியில் வந்த லாட்ஜ். பழைய_கொத்தனார் ஐயாவின் லாட்ஜுக்கு நான் போக முடியாது, அவரும் எங்கள் லாட்ஜுக்கு வர முடியாது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மட்டப்பலகை, சமத்துவம் என்று அவர் உருகும்போது இங்கே ஒருத்தி வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டைலராகக்கூட இல்லை!

கதவடைப்பு பெண்களோடு நிற்கவில்லை. 1775இல் பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற கருப்பினத்தவரும் இன்னும் 14 பேரும் மேசன்கள் ஆனார்கள். அவர்களைச் சேர்த்தது பிரிட்டிஷ் ராணுவத்தோடு வந்திருந்த ஒரு லாட்ஜ். சுதந்திரம், சமத்துவம் என்று முழங்கிக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் அவர்களை ஏற்கவில்லை. 1784இல் லண்டனிலிருந்து அனுமதிப் பத்திரம் வாங்கித்தான் தனி லாட்ஜ் நடத்தினார்கள். வெள்ளையர் கிராண்ட் லாட்ஜ்கள் அவர்களைச் சகோதரர்களாக ஏற்கத் தொடங்கியது 200 வருடம் கழித்து.

பிறகு ஏன் நீ இருக்கிறாய் என்று கேட்பீர்கள். என் வேலையில் தினமும் என்னை மதிப்பிடுகிறார்கள், நானும் மற்றவர்களை மதிப்பிடுகிறேன். மாதம் ஒரு மாலை, மூன்று மணி நேரம், போனை வெளியே வைத்துவிட்டு, முறை வந்தால் மட்டும் பேசி, குறுக்கே பேசாமல் கேட்கிற அறை ஒன்று எனக்கு இருக்கிறது. முதல் வருடம் முழுக்கப் புதியவர் வாயே திறக்கக் கூடாது என்பது எங்கள் அமைப்பில் வழக்கம். எரிச்சலாக இருந்தது. அந்த வருடம்தான் கேட்கக் கற்றுக்கொண்டேன். நட்பும் உதவியும் வேறு இடத்திலும் கிடைக்கலாம், இந்த அமைதி எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

#12 பழைய_கொத்தனார்

சகோதரி, பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. "மரபு" என்று சொல்லித் தப்பிக்கலாம். சொல்ல விருப்பமில்லை.

#13 ஓரத்து_நாற்காலி

நான் உறுப்பினர் இல்லை. என் கணவர் இருந்தார். பதினாறு வருடம். இங்கே ஒருவரும் வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அந்தச் சங்கத்தைப் பிடிக்காது. மாதம் இரண்டு மாலை போய்விடுவார், போகாத மாலைகளில் குளியலறையில் எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். என்ன என்று கேட்டால் சிரிப்பார். வருடம் ஒருமுறை குடும்ப விருந்துக்குக் கூட்டிப் போவார், யார் யாரையோ அறிமுகம் செய்வார், எனக்குப் பெயர் நிற்காது. ரகசியம் என்பது உள்ளே இருப்பவர்களுக்குச் சுவையாக இருக்கலாம். பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு அது ஒரு சுவர்தான்.

அவர் திடீரென்று போனார். காரியத்துக்கு நாற்பது பேர் வந்து நின்றார்கள், எனக்குப் பாதி முகம் தெரியாது. அதெல்லாம் பெரிதில்லை, காரியத்துக்கு எல்லாரும் வருவார்கள். ஒருவர் மட்டும் மூன்றாம் வாரம் வந்து, "அக்கா, ஓய்வூதியம், காப்பீட்டுக் காகிதங்களை என்னிடம் கொடுங்கள்" என்றார். நாலு மாதம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். வரும்போதெல்லாம் என்ன செலவானது என்று கேட்டேன், ஒரு தடவையும் சொல்லவில்லை. நான் என்ன படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று மட்டும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவார். ஏழு வருடம் ஆகிறது. என் கணவர் போன தேதியில் இப்போதும் லாட்ஜிலிருந்து யாராவது கூப்பிடுகிறார்கள். ஆள் மாறுகிறது, போன் வருவது நிற்கவில்லை. போன வருடம் கூப்பிட்ட பையன் என் கணவரைப் பார்த்ததே இல்லை.

இப்போதும் எனக்கு அந்தச் சங்கத்தைப் பிடிக்குமா என்று தெரியாது. சேர்வதாக இருந்தால் உங்கள் மனைவியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள் தம்பி. விருந்தில் அறிமுகம் செய்வது போதாது.

#14 விட்டு_வந்தவன்

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் இருந்த இடத்தில் அப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் நான் இன்னும் அங்கே இருந்திருப்பேன்.

#15 கணக்குப்பிள்ளை

என் கேள்விக்கு (#6) பதில் கிடைத்த மாதிரிதான். பார்த்தே இராத மனிதரின் மனைவிக்கு ஒரு பையன் போன் செய்கிறான் என்றால், அது நட்பால் நடப்பதில்லை. எங்கோ ஒரு பட்டியலில் தேதி எழுதியிருக்கிறது, அந்த வருடம் அந்த வேலை அவன் பங்குக்கு வந்திருக்கிறது. நட்பு ஆளோடு போய்விடும், பட்டியல் போகாது. இதைச் சொன்னால் உணர்ச்சி இல்லாத கணக்கன் என்பார்கள். சொல்லட்டும்.

#16 உண்மை_விளம்பி

33ஆம் டிகிரி பற்றி யாருமே வாய் திறக்கவில்லை, கவனித்தீர்களா?

#17 பழைய_கொத்தனார்

ஸ்காட்டிஷ் ரைட் என்ற கூடுதல் வரிசையில் வருவது அது. நீண்ட சேவைக்காகக் கொடுக்கும் கௌரவம். எனக்குத் தெரிந்து அதை வாங்கியவர்களில் ஒருவர் 40 வருடம் கணக்கு எழுதியவர். உலகத்தை ஆளும் அளவுக்கு அவருக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை.

#18 யோசிக்கிறவன்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி. ஓரத்து_நாற்காலி அக்கா சொன்னபடி முதலில் மனைவியிடம் பேசினேன். "போங்கள், ஆனால் குளியலறையில் ஒப்பிக்க வேண்டாம்" என்றாள்.

திறந்த விருந்துகளுக்கு மூன்று தடவை போனேன். ஆல்மனரைப் பார்த்தேன். எழுபது வயதிருக்கும், ஒரு பழைய டைரியைப் பிரித்துக் காட்டினார், பெயர்களை மட்டும் கையால் மறைத்துக்கொண்டார். தேதி, போனவர் யார், என்ன தேவைப்பட்டது, செய்தாயிற்றா. சில வரிகளில் "செய்யவில்லை" என்று எழுதியிருந்தது. அந்த "செய்யவில்லை"யைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. கணக்கும் காட்டினார்கள். விட்டுப் போனவர்களைப் பற்றிக் கேட்டதும் மேசையில் கொஞ்சம் அமைதி. அப்புறம் மாஸ்டரே, "இரண்டு பேர் எங்கள் தவறால் போனார்கள்" என்றார், விவரம் சொல்லவில்லை. விருந்து முடிந்து நாற்காலி அடுக்கும்போது அவரும் சேர்ந்து அடுக்கினார்.

படிவத்தை இன்னும் கொடுக்கவில்லை. "ஏன் சேர விரும்புகிறீர்கள்" என்ற கட்டத்தில் மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தேன். "எனக்கு ஒன்று என்றால் யார் வருவார்கள்" என்று எழுதினால் ஆதாயம் தேடி வருகிற மாதிரி இருந்தது. நிஜமும் அதுதான்.

போன வெள்ளிக்கிழமை மூத்தவர் கூப்பிட்டார். வயதான உறுப்பினர் ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார், பட்டியலில் உள்ளவருக்குக் காய்ச்சல், ராத்திரி ஆள் இல்லை. "நீ உறுப்பினர் இல்லை, கட்டாயமும் இல்லை, முடியாது என்றால் தயங்காமல் சொல்" என்றார். பத்து மணிக்குப் போனேன். பெரியவர் தூங்கவில்லை. என்னைப் பார்த்து, "எந்த வருடம் சேர்ந்தாய்?" என்று கேட்டார். "இன்னும் சேரவில்லை ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அப்படியானால் அந்த நாற்காலி வேண்டாம், அது முதுகை ஒடிக்கும், சன்னல் பக்கத்தில் இருப்பதை இழுத்துப் போட்டுக்கொள்" என்றார். ஆறு மணி வரைக்கும் இருந்தேன். இரண்டு தடவை தண்ணீர் கொடுத்தேன், ஒரு தடவை நர்ஸைக் கூப்பிட்டேன். அவ்வளவுதான் வேலை.

காலையில் வீட்டுக்கு வந்து அந்தக் கட்டத்தில் ஒரு வரி எழுதினேன். நாளைக்குக் கொடுக்கப் போகிறேன்.

#19 நடுநிசி_நண்பன்

அதெல்லாம் சரி, வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள்?

#20 யோசிக்கிறவன்

மருத்துவமனைக்கு என்றுதான். லாட்ஜ் என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை.